அக்கா, உன் கத்தி உறையில் மாட்டிக்கொண்டது

என் அன்பான முரட்டுக் கோமு அக்காவுக்கு,

முதலில் நல்ல செய்தி. உன் கத்தி பிழைத்துக்கொண்டது. அதைவிட நல்ல செய்தி, போன ஞாயிறு அத்தான் இரண்டாம் முறை சாதம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். இரண்டுக்கும் சம்பந்தம் இருக்கிறது. வழக்கம்போல நடுவில் புகுந்து முடிவை நீயே சொல்லிவிடாமல் கேள்.

ஆஸ்பத்திரியில் என்னிடம் ஒன்று கேட்டாயே, நினைவிருக்கிறதா? நகையைப் பற்றித்தான் சொல்லப் போகிறாய் என்று நான் காதைக் கிட்டே கொண்டுவந்தேன். "ஏட்டி தேவகி, என் கத்தியைக் கொலுவுல வச்சிராதீய. எவன் கையிலயாவது கொடுத்து நாலு கட்டையைப் பிளக்கச் சொல்லு" என்றாய். சரி என்று தலையாட்டினேன். சாகக் கிடக்கிறவள் பேசுகிற பேச்சா அது? நர்ஸ் என்னைப் பார்த்த பார்வை இன்னும் கண்ணில் நிற்கிறது.

உன் பதினாறாம் நாள் காரியம் முடிந்த கையோடு அத்தான் அந்தக் கத்தியைத் தோல் உறையோடு ஷோகேஸில், உன் படத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பூட்டிவிட்டார். எத்தனையோ முறை கேட்டுப் பார்த்தேன். "அவ தொட்ட சாமான் தேவகி. இன்னொருத்தர் கை அதுல பட வேண்டாம்" என்பார். உனக்குக் கொடுத்த வாக்கு ஒரு பக்கம், அவர் முகம் ஒரு பக்கம். நடுவில் நான் மத்தளம்.

உன்னைத் தெரியாத யாராவது இதைப் படித்தால் பயந்துவிடக் கூடாது, அதனால் ஒரு வார்த்தை. எங்கள் அக்கா ரௌடி இல்லை. வங்காளத்துக்கு வந்து, கார்டன் ரீச்சில் ரயில்வே கணக்கு அதிகாரியாக இருந்து, ஃபைல்களில் பிறர் விட்ட பிழைகளைக் கண்டுபிடித்து, பாதி ஆபீஸை அழ வைத்தவள். கால் பிசகி வீட்டில் படுத்துக் கிடந்த ஒரு மாதத்தில், போனில் யாரோ ஒருவன் கத்தியால் மரத்தைப் பிளக்கிற வீடியோவைப் பார்த்தாள். ஆள் அன்றோடு மாறிப்போனாள்.

பெயர் பதிந்து மாசக்கணக்கில் காத்திருந்து ஒரு கத்தி வாங்கினாய். மடக்குக் கத்தி இல்லை. முனையிலிருந்து கைப்பிடியின் கடைசி வரை ஒரே துண்டு கார்பன் ஸ்டீல், முதுகு என் சுண்டுவிரல் கனம். உடைந்தால் புதிதாகச் செய்து தருவேன் என்று செய்தவன் எழுதியே கொடுத்திருந்தான். பார்சலைப் பிரித்ததும் அத்தான், "இதுல வெண்டைக்கா நறுக்க வருமா?" என்று கேட்டார். "வராது. வெண்டைக்காத் தோட்டத்தையே அழிக்கலாம்" என்றாய். அவர் பேப்பரை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

அப்புறம் உன் கூட்டம் சேர்ந்தது. இந்த ஊரில் அண்ணன் என்றால் 'தா', அக்கா என்றால் 'தி'. இன்சூரன்ஸ் ஆபீஸ் சுபோ-தா, சால்ட் லேக்கில் எங்கள் தெருவிலேயே கிளினிக் வைத்திருக்கும் பல் டாக்டர் ரீனா-தி, இன்னும் நாலைந்து பேர். ஞாயிறு காலை டாக்குரியாவில் உன் வீட்டு மொட்டைமாடி அவர்களுடையது. இந்த ஊர்க்காரர்கள் இலீஷ் மீனைப் பற்றிப் பேசுவார்களே, எந்த ஆற்று மீன், எந்த மாசத்து மீன் என்று, அதே நாக்கு ருசியோடு ஸ்டீலைப் பற்றிப் பேசுவார்கள். எந்த ஸ்டீல் கூர் தாங்கும், எது அடி தாங்கும், எது கடலோர ஊருக்கு ஆகாது. நான் டீ போட்டுக்கொண்டு வந்தால் ஒருவரும் திரும்பிப் பார்க்கமாட்டீர்கள். வாங்கிப் பெட்டியில் பூட்டி வைத்து, நேரம் பார்த்துத் திறந்து மட்டும் பார்க்கிறவர்களை நீ கேலி செய்வாய். "அது கத்தி இல்ல, கொலுப் பொம்மை." அந்த வார்த்தையை சுபோ-தாவும் பிடித்துக்கொண்டான்.

அப்படிப்பட்டவளின் கத்திக்கு வந்த கதியைக் கேள். உன் முதல் திதியன்று அத்தான் உன் படத்துக்குச் சந்தனம் வைத்தார். கத்தி மட்டும் என்ன பாவம் செய்தது என்று நினைத்தாரோ என்னவோ, அதையும் வெளியே எடுத்து, பளபளப்பான அலகிலேயே ஈரச் சந்தனத்தில் வட்டமாக ஒரு பொட்டு வைத்து, அப்படியே தோல் உறைக்குள் செருகிவிட்டார். அதற்கப்புறம் இந்த ஊர் மழைக்காலம். அலமாரிக்குள் செருப்பே பூத்துப்போகிற ஈரம். நீயாக இருந்தால் ஒரு நாள்கூட அதை உறையில் விட்டிருக்கமாட்டாய்.

ஊர்ப் பூஜை முடிந்து, தெருவில் அம்மன் பந்தல்களைப் பிரிக்கிற வாரம். ஞாயிறு காலையில் அத்தான் போன் செய்தார். அவராகப் போன் செய்தே ஒரு வருஷமாகியிருந்தது. "தேவகி, கத்தி வெளிய வர மாட்டேங்குது." குரலே சரியில்லை. தூசி தட்டலாம் என்று எடுத்திருக்கிறார். இழுத்தால் அசையவில்லை. நான் ரீனா-தியை அழைத்துக்கொண்டு காரில் கிளம்பினேன். வழியில் அவள் சுபோ-தாவுக்குச் சொன்னாள். அவன் மற்றவர்களுக்குச் சொன்னான். நாங்கள் போய்ச் சேர்வதற்குள் வாசலில் செருப்புக் குவியல். யாருக்கோ ஆக்ஸிடென்ட் ஆனதுபோல எல்லோரும் வந்துவிட்டார்கள் அக்கா.

உறையை அறுத்துவிடலாம் என்றான் ஒருவன். அத்தான் முகத்தைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டான். ரீனா-தி தன் பையிலிருந்து பல் நோண்டுகிற ஊசிக் கம்பியை எடுத்தாள். சாப்பாட்டு மேஜையில் பேப்பர் விரித்து, கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, உறையின் தையலை ஒவ்வொன்றாகப் பிரித்தாள். அத்தான் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். கடைசித் தையல் விட்டதும் தோல் இரண்டாக மலர்ந்தது. கத்தி பேப்பரின் மேல் தானாக விழுந்தது.

பார்க்கச் சகிக்கவில்லை. முனை முதல் பாதி அலகு வரை செங்கல் நிறத்தில் துரு. சந்தனம் இருந்த இடத்தில் கருப்பாக ஒரு வட்டம்.

"பத்திரமா வச்சிருக்கேன்னு நினைச்சேன்" என்றார் அத்தான். "நானே கெடுத்துட்டேன்."

அவர் அழுதார், அக்கா. உன் காரியங்களில்கூட அப்படி அழவில்லை.

சுபோ-தா என்ன செய்தான் தெரியுமா? சிரித்தான்! "ஜாமாய்பாபு, இதுக்குப் பேர் ஜலதோஷம். சாவு இல்ல" என்று, அக்கா புருஷனை அவர்கள் கூப்பிடுகிற முறையில், வங்காளியில் சொல்லி அவர் தோளைப் பிடித்து நாற்காலியில் உட்கார வைத்தான். எல்லோருடைய முகத்தையும் நான் பார்த்தேன். துக்கம் ஒன்றும் இல்லை. துருப்பிடித்த கத்தி ஒன்று கைக்குக் கிடைத்த ஆனந்தம்தான் இருந்தது. ஒருவன் எண்ணெய்ப் புட்டி எடுத்துவிட்டான், ஒருவன் உப்புத்தாள், ரீனா-தி சாணைக்கல். ஆனால் ஒருவரும் மேஜையை நெருங்கவில்லை. சுற்றி நின்று அத்தானையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"ஏன் சும்மா நிக்காங்க?" என்றார் அத்தான் என்னிடம்.

மொட்டைமாடிக்கு வந்திருந்தால்தானே அவருக்குத் தெரியும்! கத்தியைக் கைக்குக் கை கொடுத்தால் சண்டை வரும் என்று அம்மா சொல்வாளே, அதை நீ அவர்களுக்கும் சட்டமாக்கி வைத்திருந்தாய். கத்தியைக் கீழே வைத்துவிட்டு "எடுங்க" என்பாய், அதற்கப்புறம்தான் அடுத்தவர் தொடலாம். தமிழில் வேறு ஒரு வார்த்தையும் தெரியாத இந்த வங்காளிகள் தங்களுக்குள்ளேயே இன்றைக்கும் "எடுங்க, எடுங்க" என்றுதான் சொல்லிக்கொள்கிறார்கள். கத்திக்கு உடையவர் சொல்லாமல் பிறத்தியார் கை படாது.

அத்தானிடம் இதைச் சொன்னேன். "நீங்கதான் சொல்லணும். இப்ப இது உங்க கத்தி."

"என் கத்தியா?"

"பின்ன யாருது, அத்தான்?"

உன் படத்தைப் பார்த்தார். கத்தியைப் பார்த்தார். தொண்டையைச் செருமிக்கொண்டு "எடுங்க" என்றார். பாதிதான் வெளியே வந்தது. யாரும் அசையவில்லை. மறுபடியும், இந்த முறை உன்னை அதட்டுகிற குரலில், "எடுங்கங்கிறேன்ல!"

அவ்வளவுதான், வீடு இரண்டுபட்டது. முதலில் எண்ணெயில் ஊறட்டும் என்றாள் ரீனா-தி. வினிகர் இல்லாமல் நடக்காது என்றான் சுபோ-தா. வினிகர் என்று இன்னொரு முறை சொன்னால் உன் பல்லுக்கு நான் பொறுப்பில்லை என்றாள் அவள். கசோரி வந்தது, தொட்டுக்கொள்ள உருளைக்கிழங்கு ஆலூர்தம் வந்தது, சண்டை நிற்கவில்லை. உப்புத்தாள் பிடிப்பது எப்படி என்று ஒருவன் அத்தானுக்குக் காட்ட, கொஞ்ச நேரத்தில் அவர் அவன் கையைத் தட்டிவிட்டு, "தள்ளு, நான் பாத்துக்கிடுதேன்" என்றார். துரு போயிற்று. அந்தக் கருப்பு வட்டம் மட்டும் போகவில்லை. செய்தவனுக்கே அனுப்பிச் சரிசெய்யலாமா என்று கேட்டார்கள். "வேண்டாம், பொட்டு இருக்கட்டும்" என்றுவிட்டார்.

கூர் பார்க்க வேண்டுமே? உன் ஆட்கள் எல்லோருக்கும் இடது முழங்கைக்குக் கீழே ரூபாய் அகலத்துக்கு வழுக்கை இருக்கும், கத்தி சிரைக்கிறதா என்று பார்த்துப் பார்த்து. உனக்கு மட்டும் அத்தான் கை. தூங்குகிற மனிதரின் கையைச் சிரைத்திருக்கிறாய், பாவி! அத்தான் தாமாகவே சட்டையை மடித்துவிட்டார். "பாத்தியா, முடி நல்லா வளந்துடுச்சு" என்று என்னிடம் காட்டினார். பிறகு தம் கையைத் தாமே ஒரு இழுப்பு இழுத்துக்கொண்டார். சுத்தமாக வந்தது.

மாடிக்குப் போனோம். எதிர்ப் பந்தலில் பிரித்த மூங்கில் துண்டுகளை சுபோ-தா கேட்டு வாங்கி வந்திருந்தான். அலகை மூங்கிலின் தலையில் வைத்து, கட்டையால் கத்தியின் முதுகில் அடிக்க வேண்டும். அத்தானின் முதல் அடி சறுக்கியது. இரண்டாவதில் மூங்கில் படீரென்று பிளந்தது. அந்தச் சத்தத்தில் அவரே துள்ளிவிட்டார். அப்புறம் நிறுத்தவே இல்லை. கீழ்வீட்டு பௌதி, அதான் அந்த அண்ணி, ஜன்னலுக்கு வந்து, "மறுபடியும் ஞாயிற்றுக்கிழமைத் தலைவலியா?" என்று கத்த ஆரம்பித்தாள், உன்னிடம் கத்துவாளே, அதே ராகத்தில். மேலேயிருந்து அத்தான் எட்டிப் பார்த்ததும் பாதியில் நிறுத்திவிட்டாள். கொஞ்ச நேரத்தில் ஒரு தட்டு நிறையத் தேங்காய் உருண்டை மேலே வந்தது.

அத்தானின் உள்ளங்கையில் கொப்புளம். சாப்பிடும்போது அதைத் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டே இரண்டாம் முறை சாதம் கேட்டார். நேற்று அவரிடமிருந்து போன். சாணைக்கல்லில் எந்த ரகம் நல்லது, சுபோ சொல்வதா ரீனா சொல்வதா என்று அரை மணி நேரம். எனக்கு என்ன தெரியும்? ஆனாலும் கேட்டுக்கொண்டிருந்தேன். சந்தோஷமாக இருந்தது.

உனக்கு இப்போது ஒரு வாக்குத் தருகிறேன், போன தடவைபோல வெறும் தலையாட்டல் இல்லை. கத்தி என்றால் எனக்குப் பயம் என்று உனக்குத் தெரியும், ஆனாலும் வருகிற ஞாயிறு அத்தானுக்கு அடுத்த கை என்னுடையது. பிளப்போம், தீட்டுவோம், மறுபடியும் பிளப்போம். எங்கேயாவது எங்களைச் சந்தித்தால் கத்தி பத்திரமாக இருக்கிறதா என்று கேட்காதே, அக்கா. எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று கேள்.

உன் கூடப் பிறந்த கோழை,
தேவகி