மூணே கால் ஏக்கரும் பதினான்கு சிவப்பு அம்புகளும்

என் அன்புக்கும் கேலிக்கும் சரிபாதியாகப் பாத்திரமான மாப்பிள்ளை குமரவேலுக்கு,

நீ போய் வருஷம் ஒன்றாகப் போகிறது. இதுவரை உனக்கு ஒரு வரி எழுதவில்லை. எழுதினால் எந்தத் தபால்காரன் கொண்டுவந்து தருவான் என்று இருந்துவிட்டேன். இன்று எழுதாமல் இருக்க முடியவில்லை. நேற்று உன் தோட்டத்துக்குப் போய்வந்தேன். ராத்திரி பொட்டுத் தூக்கம் இல்லை மாப்பிள்ளை. திருப்பூர் நெருப்பெரிச்சலில் ஓடுகிற அத்தனை நிட்டிங் மெஷினையும் என் கட்டிலுக்கடியில் தூக்கி வைத்து ஓட்டியிருந்தாலும் இதைவிட நன்றாகத் தூங்கியிருப்பேன்.

இதை நாலு பேர் படிப்பார்கள் என்பதால் உன் கதையை உனக்கே ஒருமுறை சொல்கிறேன், பொறுத்துக்கொள். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் பதினோரு வருஷம் செக்கிங்கில் இருந்தாய். ஒரு நல்ல நாளில் வேலையை உதறிவிட்டு, மடத்துக்குளம் பக்கம் பழனி மலை தெரிகிற தோட்டம் ஒன்றை வாங்கி, என் தங்கை வசந்தியைக் கூட்டிக்கொண்டு குடியேறினாய். பெரியவளுக்குத் தினை என்று பெயர் வைத்தாய். சின்னவளுக்குச் சாமை. மூன்றாவது ஒன்று பிறந்திருந்தால் அந்த அப்பாவி ஜீவன் குதிரைவாலி என்ற பெயரோடு கல்யாணப் பத்திரிகை அடித்திருக்க வேண்டும். இதெல்லாம் போதாதென்று இரண்டு பேரையும் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பாமல் நீயே வீட்டில் பாடம் சொல்ல ஆரம்பித்தாய்.

நான் சும்மா விட்டேனா? போகிற கல்யாணத்தில் எல்லாம் இலை போட்டதும் முதலில் உன்னைத்தான் பரிமாறுவேன். “எங்க மாப்ள புள்ளைங்க எருமைகிட்டத்தான் வாய்ப்பாடு ஒப்பிக்குதுங்க. எருமை தலையாட்டுனா பாஸு” என்பேன். பந்தியே சிரிக்கும். நீயும் சிரித்துக்கொண்டே, “அந்த எருமைக்கு உங்களைவிடக் கணக்கு நல்லா வருமுங்க மச்சான்” என்பாய். ஏன் ஒருநாள்கூட நீ கோபித்துக்கொள்ளவில்லை?

போன வருஷம் தக்காளி நாற்றுக்குத் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்தவன், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வரப்பில் உட்கார்ந்தாய். நாற்பத்திரண்டு வயது. அதற்கப்புறம் நடந்ததை எழுத எனக்குத் தெம்பில்லை.

நேற்று நான் போனது இரண்டு காகிதங்களோடு. ஒன்று, அடுத்த மாதம் வருகிற உன் முதல் வருஷ நினைவு நாளுக்கு அடிக்கப்போகிற ஃப்ளெக்ஸ் பேனருக்கான வாசகம். சந்தேகமே வேண்டாம், நானே இயற்றியது. இன்னொன்று, உறைக்குள் மடித்து வைத்திருந்த பள்ளிக்கூட விண்ணப்பம், இரண்டு பெண்களுக்கும் சேர்த்தே. ஹாஸ்டலோடு சேர்ந்த பெரிய பள்ளி. காப்பாளர் என்ற இடத்தில் தாய்மாமன் நான் கையெழுத்தும் போட்டுவிட்டேன். பெண்களை ஹாஸ்டலில் விடுவது, தோட்டத்தைக் குத்தகைக்குக் கொடுப்பது, வசந்தியை எங்கள் வீட்டுக்கு அழைத்து வருவது. சொந்தபந்தம் எல்லாம் கூடிப் பேசி முடித்த முடிவு. வசந்தியை மட்டும் கேட்கவில்லை. கேட்டால் அழுவாள் என்று.

வாசலில் காரை நிறுத்தியதும் வசந்தி சொன்ன முதல் வார்த்தை, “வாங்ணா. வழியெல்லாம் மறக்கலயாட்ட இருக்குது.”

“மறப்பனா? கண்ணைக் கட்டி எமலோகத்துல விட்டாலும் உன் ஊட்டுக்கு வழி கண்டுபுடிச்சு வந்துருவேன்” என்றேன். அவள் சிரிக்கவில்லை. டீ போடப் போய்விட்டாள்.

பெண்கள் கன்றுக்குட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதன் பின்னங்காலில் ஒரு சிவப்பு அம்பு ஸ்டிக்கர். உனக்குத் தெரியாததா, தைத்த பனியனில் பிழை இருக்கிற இடத்தைக் காட்டச் செக்கிங் பெண்கள் ஒட்டுவார்களே, அதே அம்பு. கம்பெனியை விட்டு வரும்போது எத்தனை ரோல் மாப்பிள்ளை தூக்கிக்கொண்டு வந்தாய்? மோட்டார் ரூம் கதவில் ஒன்று, தண்ணீர்த் தொட்டியில் ஒன்று, ரசச் சட்டியில்கூட ஒன்று. “கன்னுக்குட்டி தாங்கித் தாங்கி நடக்குதுங்க மாமா, டாக்டர் வந்தா மறக்காமக் காட்டறதுக்குங்க” என்றாள் தினை. மார்க்கு போடாமல், சிவப்பு மையால் அடிக்காமல், அம்பு மட்டும் ஒட்டித்தான் நீ அவர்களுக்கு நோட்டுத் திருத்தினாய் என்று அப்போதுதான் தெரிந்துகொண்டேன். அம்பு ஒட்டினவர் காரணம் சொல்ல வேண்டும். செய்தவர் திருத்த வேண்டும், இல்லாவிட்டால் தான் செய்தது சரி என்று நிரூபிக்க வேண்டும். அதுவரை அம்பு அங்கேயே இருக்கும்.

எனக்குள் இருக்கிற குறும்புக்காரன் சும்மா இருப்பானா? இந்தப் பிள்ளைகளுக்கு எழுத்துக்கூட்டிப் படிக்கக்கூடத் தெரியாது என்று வசந்திக்குக் காட்டிவிட்டால், விண்ணப்பத்தை வெளியே எடுக்க வழி சுலபமாகிவிடும். பேனர் வாசகத்தைத் தினையிடம் நீட்டினேன். “படி கண்ணு, பாக்கலாம்.”

ஒரே மூச்சில் கணீரென்று படித்தாள். ‘ஆற்றொணாத் துயரில்’ என்பதில்கூடத் தடுக்கவில்லை. நானே அதை எழுதும்போது இரண்டு தடவை அடித்துத் திருத்தினேன். படித்து முடித்துவிட்டு, “இதைச் செக்கிங் பண்ணலாமுங்களா மாமா?” என்றாள். தாராளமாக என்று கையை விரித்தேன். அக்காவும் தங்கையும் உள்ளே போனார்கள். நான் இரண்டு டீ குடித்து முடிக்கிற நேரம் கழித்துத் திரும்பி வந்தார்கள். ஒரே காகிதத்தில் பதினான்கு அம்பு. குருக்ஷேத்திரத்தில் பதினெட்டு நாளும் சேர்த்து விழுந்த அம்பைவிட எனக்கு அது அதிகமாகத் தெரிந்தது.

“‘கொங்கு மண்டலமே கண்ணீரில் மிதக்க’ன்னு போட்டிருக்கறீங்க. அவ்வளவு தண்ணி இருந்தா நாம எதுக்குங்க போர்வெல்லுக்கு மோட்டார் போடறோம்?” இது முதல் அம்பு.

“‘ஐம்பது ஏக்கரை ஆண்ட வேளாண் வேந்தர்’ தப்புங்க. மூணே கால் ஏக்கர். அப்பாவும் நானும் கவுறு புடிச்சு அளந்தோம்.”

“‘ஆயிரம் பசுக்களின் தந்தை’யும் தப்பு” என்றாள் சாமை. “ரெண்டுதானுங்க. அதுலயும் ஒண்ணு எருமை.”

“‘சினம் என்பதே அறியாதவர்’. மயில் தக்காளியைக் கொத்துனப்ப அப்பா ஒரு வார்த்தை சொன்னாருங்க மாமா. என்ன வார்த்தைன்னு சொல்லட்டுமுங்களா?”

“வேண்டாம் கண்ணு” என்றாள் அடுப்படியிலிருந்து வசந்தி. இந்த இடத்தில் நானும் அவளும் கொஞ்சம் சிரித்தோம். சிரித்தது அவ்வளவுதான்.

கடைசி அம்பு கடைசி வரியில் இருந்தது. ‘தாய்மாமனின் குளிர் நிழலில் வாழும் அருமைக் குழந்தைகள்.’ அதைச் சொல்லாமல் தினை அம்மாவைப் பார்த்தாள். நான்தான், “சொல்லு கண்ணு, மாமன் இரும்புத் தூணு, ஆடமாட்டேன்” என்றேன்.

“அப்பா காரியம் முடிஞ்சதுக்கு அப்பறம் நீங்க மூணு தடவை வந்தீங்க மாமா. ஒரு தடவை காரை விட்டே எறங்கல.”

காலி டம்ளரை எடுத்து டீ குடித்தேன் மாப்பிள்ளை. ஐம்பது வருஷத்தில் தூக்கத்தில்கூட மூடாத என் வாய்க்கு அப்போது அதுதான் வேலை. அந்தப் பெண் என் முகத்தைப் பார்த்துவிட்டு, பயந்துபோய் ஆறுதல் சொல்ல ஆரம்பித்தாள். “இது ஓட்டை இல்லீங்க மாமா. ஓட்டைன்னா துணியே போச்சுன்னு அர்த்தம், ரிஜெக்ட்டு. இது ஓப்பன்தானுங்க. தையல் விட்டுப்போன எடம். தெச்சரலாம்.”

அந்த நேரம் பார்த்துச் சாமை என் பையைக் குடைந்து உறையை எடுத்துவிட்டாள். அவள் அக்கா விண்ணப்பத்தைப் பிரித்துப் படித்தாள். தன் பெயர் இருந்தது, தங்கை பெயர் இருந்தது, கீழே என் கையெழுத்து. ஹாஸ்டல் என்ற இடத்தில் நான் போட்ட டிக். படித்துவிட்டு அம்மாவிடம் கொடுத்தாள்.

வசந்தி நின்றுகொண்டே படித்தாள். “ஏனுங்ணா, எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்கோணும்னு தோணலீங்களா?”

“உன் நல்லதுக்குத்தான் வசந்தி.”

“திட்டறதுக்குச் சொல்லல. நானும் இதைத்தான் நெனச்சுட்டு இருந்தேன்.”

இது எனக்கு அடுத்த இடி. சண்டை போடுவாள் என்று மனசுக்குள் பதில்களை அடுக்கி வைத்துக்கொண்டிருந்தவன் நான். அவள் உள்ளே போய் ஒரு நீளக் கணக்கு நோட்டை எடுத்து வந்து என் மடியில் வைத்தாள். “இதைப் பாருங்க, தெரியும்.”

புரட்டினேன். முதல் பாதி உன் கையெழுத்தும் தினையின் கையெழுத்தும். தென்னை, தக்காளி, பால், தண்ணீர், எல்லாம் கணக்காக. நடுவில் நீ கொடுத்த ஒரு கணக்கு: மூணே கால் ஏக்கரில் பாதி தென்னை, மீதியில் மூன்றில் ஒரு பங்கு தக்காளி, தக்காளி எவ்வளவு? இருபத்துநாலில் பதின்மூன்று பங்கு ஏக்கர். சரியான விடை. அடுத்த பக்கத்தின் தலைப்பில் உன் எழுத்தில், ‘இனி வகுத்தல்’. அதற்குக் கீழே வெறும் கோடுகள்.

நோட்டின் பின்பக்கத்திலிருந்து திருப்பச் சொன்னாள் வசந்தி. அங்கே பக்கம் பக்கமாக அதே கணக்கு. மூணே கால் ஏக்கர், பாதி தென்னை, மூன்றில் ஒன்று. இருபத்துநாலில் பதின்மூன்று. இருபத்துநாலில் பதின்மூன்று. நோட்டு தீர்ந்ததும் இன்னொரு நோட்டு. அதற்கப்புறம் பழைய காலண்டர்த் தாள்களின் பின்பக்கம். எங்கும் ஒரு அம்புகூட இல்லை. எல்லாமே சரி.

“தெனமும் காலைல ஒன்பது மணிக்கு உக்காந்துக்குதுங்க. அவர் கடைசியாச் சொன்ன பாடத்தையே திருப்பிப் பண்ணுதுங்க” என்றாள் வசந்தி.

“ஏன் கண்ணு, அடுத்த கணக்குக்குப் போகலாமில்ல?” என்றேன்.

“அப்பா இன்னும் சொல்லலீங்களே மாமா” என்றாள் தினை.

ஒரு வருஷம், குமரவேலு. நான் ஊரெல்லாம் பந்தியில் சிரித்துக்கொண்டிருந்த ஒரு வருஷம், உன் மகள் ஒரே பக்கத்தில் நின்றுகொண்டிருந்திருக்கிறாள். இது தெரியாமல் அவளை ஹாஸ்டலில் விட இருந்தேனே. விட்டிருந்தால் அங்கேயும் போய் இருபத்துநாலில் பதின்மூன்று என்று எழுதிக்கொண்டிருந்திருப்பாளோ?

வசந்தியைக் கேட்டேன், உனக்கு வகுத்தல் வராதா என்று. “எனக்கு நல்லா வருமுங்ணா. அவர் எழுத்துக்குக் கீழ எழுத மட்டும் கை வரமாட்டேங்குது. நாலஞ்சு தடவை பென்சிலை எடுத்தேன். பள்ளிக்கோடத்துல போட்டா புது நோட்டுக் குடுப்பாங்க, இதை மூடி வெச்சரலாம்னு நெனச்சேன்.” அதைச் சொல்லும்போதும் அவள் அழவில்லை. அழுதது நான்தான். அதுவும் கௌரவமாக இல்லை, மூக்கை உறிஞ்சிக்கொண்டு.

உடனே பென்சிலை வாங்கினேன். உன் தலைப்புக்குக் கீழே ஒரு கணக்கு எழுதிவிட்டால் முடிந்தது என்று நினைத்தேன். பென்சில் தாளில் பட்ட பிறகுதான் நினைவுக்கு வந்தது.

“உங்களுக்குக் கணக்கு வருமுங்களா மாமா?” என்றாள் தினை.

கணிதமே என்னிடம்தான் டியூஷன் படித்தது என்று சொல்ல நாக்கு வரைக்கும் வந்தது. “பெருக்கல் வரைக்கும் வரும் கண்ணு. வகுத்தல் மறந்துபோச்சு” என்றேன்.

“பரவால்லீங்க. படிச்சுட்டு வந்து சொல்லித்தாங்க. எந்தக் கெழமை வருவீங்க?”

“வியாழக்கெழமை” என்றேன்.

“இந்த வியாழக்கெழமையா, எல்லா வியாழக்கெழமையுமா?” இது சாமை. ஏழு வயது. உன் வளர்ப்பு மாப்பிள்ளை, ஓர் இடுக்கு விடமாட்டேன் என்கிறதுகள்.

வசந்தி விண்ணப்பத்தைக் கிழிக்கவில்லை. மடித்து பீரோவில் வைத்தாள். “தை வரைக்கும் பாக்கறனுங்ணா. நீங்க வந்துட்டு இருந்தீங்கன்னா இங்கயே படிக்கட்டும். வரலீன்னா நானே கூட்டீட்டுப் போய்ச் சேத்தறேன். உள்ளூர்ப் பள்ளிக்கோடமே போதும். ஹாஸ்டல் மட்டும் வேண்டாம்.” சரி என்றேன். பேனர் அடிக்கிற யோசனையையும் அங்கேயே விட்டுவிட்டேன்.

இன்று காலையிலிருந்து என் நிட்டிங் யூனிட்டில் சூப்பர்வைசராக இருக்கிற பாத்திமாவிடம் பின்ன வகுத்தல் படித்துக்கொண்டிருக்கிறேன். முதலாளி நான் ஸ்டூலில் உட்கார்ந்து சிலேட்டு மாதிரி அட்டையில் எழுத, அந்தப் பெண் நின்றுகொண்டு திருத்துகிறாள். தொழிலாளிகள் நூல் மாற்ற வருகிற சாக்கில் வேடிக்கை பார்க்கிறார்கள். வகுக்கிற பின்னத்தைத் தலைகீழாகத் திருப்பிப்போட்டுப் பெருக்க வேண்டுமாம். எனக்கு இப்போது சுமாராக வருகிறது. ஆனால் ஏன் திருப்ப வேண்டும் என்று கேட்டேன். “அப்படித்தான் அண்ணா பண்ணணும், ஸ்கூல்ல அப்படித்தான் சொன்னாங்க” என்கிறாள். தினை இதை ஒத்துக்கொள்ளமாட்டாள். ஏன் என்று கட்டாயம் கேட்பாள். நீ இருந்தால் எதைக் காட்டிச் சொல்லியிருப்பாய், பாத்தியையா, பால் படியையா?

எனக்குத் தெரியவில்லை என்றால் தெரியவில்லை என்றே அவளிடம் சொல்வேன். அப்புறம் மூன்று பேரும் வரப்பில் உட்கார்ந்து கண்டுபிடிப்போம். வியாழக்கிழமை காலை ஒன்பது மணிக்கு அங்கே இருப்பேன், அடுத்த வியாழனும் இருப்பேன். உன் எழுத்துக்குக் கீழே என் கோணல் எழுத்து வரும், மன்னித்துக்கொள்.

இப்படிக்கு,
வசந்தியின் அண்ணன்,
தினைக்கும் சாமைக்கும் தாய்மாமன்,
உன் மச்சான்.