சுரண்டிய நம்பர்கள்

பிப்ரவரி 6
இன்று ஒருத்தி கடையில் ஏழு ஜோடி ஷூ போட்டுப் பார்த்தாள். பொருந்தியதன் நம்பரைப் போனில் படம் பிடித்துக்கொண்டு, "யோசிச்சுட்டு வரேங்க" என்று கிளம்பினாள். யோசிப்பாளாம்! வாசலைத் தாண்டுவதற்குள் ஆன்லைனில் ஆர்டர் போட்டிருப்பாள். அவளுக்கு மாட்டிவிட ஏழு தடவை குனிந்து எழுந்தவள் நான்.

பிப்ரவரி 9
கொழுந்தன் வந்தான். ஆன்லைன் கம்பெனி வேலை, அந்தத் திமிர். ஆன்லைன் விற்பனை ஏறுவதைப் போனில் கோடு கோடாகக் காட்டினான். "முதல்ல டிவி, அப்புறம் புத்தகம், அப்புறம் துணி. எல்லாம் ஏறுது பாருங்க அண்ணி. செருப்பும் கிளம்பிடுச்சு. கடையைப் பார்சல் எடுக்குற இடமா மாத்திடலாம்." கடையில் பாதி அவன் பங்கு. அதனால்தான் இந்த வாய்.

எதிர்க்கடை டிவிக்காரர் மூடியபோது, செருப்பைக் காலில் போடாமல் எவன் வாங்குவான் என்று இருந்தேன். துணிக்கடையும் போனபோது பயந்தேன். அவனிடம் சொல்வேனா?

"நான் இருக்கிறவரைக்கும் நடக்காது" என்றேன். என் வீட்டுக்காரர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவே இல்லை.

பிப்ரவரி 10
பிளேடை எடுத்தேன். ஷூ, பெட்டி, ஒன்று விடாமல் நம்பரைச் சுரண்டிவிட்டேன். இனி எதைப் படம் பிடிப்பீர்கள்? சைஸ் சொல்ல எனக்குக் கண் போதும்.

பிப்ரவரி 24
போனும் கையுமாக ஒருத்தன் வந்தான். "சைஸ் எவ்வளவுங்க?" "தெரியாது." அவன் முகம் போன போக்கு! வயிறு குளிர்ந்தது.

ஜூன் 3
டீச்சர் மகளோடு வந்தார். எட்டு வருடமாகப் பள்ளி ஷூ என்னிடம்தான். வலது காலில் மட்டும் போட்டுப் பார்த்தோம், கச்சிதம். கொழுந்தனைத் திட்டிக்கொண்டே இடதையும் எடுத்துப் பெட்டியில் போட்டுக் கொடுத்தேன்.

ஜூன் 7
டீச்சர் திரும்பி வந்தார். மகளின் இடது குதிகாலில் கொப்புளம். கையில் வாங்கியதுமே தெரிந்தது — வலது ஐந்து, இடது நான்கு. ஐந்தின் இடது எந்தப் பெட்டியில் கிடக்கிறதோ, யார் காலோடு போனதோ. கடையைக் கவிழ்த்துத் தேடினேன், கிடைக்கவில்லை.

"நம்பரே இல்லையே! உங்களை நம்பித்தானே கண்ணை மூடிட்டு வாங்குனேன்?"

ஷூவை என் கையிலேயே விட்டுவிட்டுப் போய்விட்டார்.

ஜூன் 29
பள்ளி திறந்த மாதத்தில் ஈ ஓட்டுகிறேன். டீச்சர் ஊரெல்லாம் சொல்லிவிட்டார் போல. கடையைப் பார்சல் இடமாக மாற்றக் கொழுந்தன் நீட்டிய காகிதத்தில் கையெழுத்துப் போட்டேன். சிரித்திருந்தால் அறைந்திருப்பேன். சிரிக்கவில்லை, பாவி.

ஆகஸ்ட் 2
அலமாரி முழுக்கப் பார்சல். டீச்சரும் மகளும் தங்களுடையதை வாங்க வந்தார்கள். அந்தப் பெண் பழக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்து என் பக்கம் காலை நீட்டினாள். ஐந்து, கண்ணே சொன்னது.

"இத்தனை நாள் பழசையே போட்டுட்டுப் போனா. நம்பர் தெரியலையா, குத்துமதிப்பாத்தான் ஆர்டர் போட்டேன்" என்றார் டீச்சர்.

பார்சல்மேல் கொட்டை எழுத்தில் இருந்தது: பள்ளி ஷூ, நம்பர் 4.

"இங்க கையெழுத்துப் போடுங்க" என்றேன்.