துறைமுகத்தில் அழுத அழுகை

அன்புள்ள அம்மாவுக்கு,

மாண்ட்ரியாலில் இன்னும் பனி விட்டபாடில்லை. நடிப்புப் பள்ளியின் இறுதியாண்டு நாடகத்தில் முக்கிய வேடம் எனக்குத்தான். மகனைக் கடலில் பறிகொடுத்த தாயாக நடிக்கிறேன்.

முதல் ஒத்திகைகளில் எனக்கு அழுகையே வரவில்லை. வேடம் வேறொருத்திக்குப் போகும் என்று பேச்சு அடிபட்டது. மறுநாள் அழுதேன். எல்லோரும் உறைந்துபோனார்கள்.

"எங்கேருந்து எடுத்தே இந்த அழுகையை?" என்று கேட்டார் ஆசிரியை ஒடெட்.

"சும்மா, கற்பனைதான் மேடம்."

"ஒரு மூச்சுகூட மாத்தாதே. டொராண்டோ நாடகக் கம்பெனிக்காரங்க ஆள் எடுக்க வர்றாங்க."

அம்மா, அது கற்பனை இல்லை. டங்கன் அண்ணனின் படகை வெறுமையாக இழுத்து வந்த அன்று, துறைமுகத்தில் நீ மண்டியிட்டு அழுதாயே, அதுதான். உன்னைத் தாங்கிப் பிடிக்காமல், நான் உன்னைப் பார்த்துக்கொண்டே நின்றிருக்கிறேன். அது ஒத்திகையில்தான் எனக்கே தெரிந்தது.

நாடகம் பார்க்க இரண்டு நாள் பேருந்தில் வருவதாக எழுதியிருக்கிறாய். வர வேண்டாம் என்று சொல்ல மனம் வரவில்லை. வாசலை ஒட்டிய இருக்கையாக உனக்கு எடுத்திருக்கிறேன். கடைசிக் காட்சி தொடங்கியதும் எழுந்து வெளியே போய்விடு. நான் மேடையிலிருந்து பார்த்துக்கொண்டிருப்பேன். நீ போன பிறகுதான் அழுவேன்.

உன் மகள்