ஐந்தாவது காரணம்

செப்டம்பர் 17, செவ்வாய்

இல்லை, நம்பிக்கை போய்விடவில்லை. போயிருந்தால் சுலபம். நம்புகிறவளின் சாபத்துக்குத்தான் பலம் உண்டு.

போதகர் கூப்பிட்டனுப்பியிருந்தார். பிள்ளைகளின் திருநாளான வெள்ளை ஞாயிறன்று, அவர்கள் வசனம் ஒப்பித்து முடித்ததும், நான் பேச வேண்டுமாம். வேதம் தேவனால் அருளப்பட்டது என்று நம்ப ஐந்து காரணங்கள்.

"கடல் தாண்டி சூவா வரைக்கும் போய்ப் படிச்சவ நீ. பிள்ளைங்களுக்குப் புரியிற மாதிரி சொல்லு. உனக்கும் ஆறுதலா இருக்கும்."

ஆறுதல். வீட்டு முற்றத்தில் லெமியின் கல்லறைக்கு இன்னும் வெள்ளைகூட அடிக்கவில்லை. என் தம்பி. ரோபாத்தி குடித்துவிட்டு ஓட்டிய வண்டி. ரோபாத்தியின் அப்பா டீக்கன், கோயிலில் முதல் வரிசை.

சரி என்றேன்.

செப்டம்பர் 20, வெள்ளி

ரோபாத்தி வீட்டார் இன்னும் இஃபோகாவுக்கு, மன்னிப்புக் கேட்க, வரவில்லை. விடியும் முன் வந்து, தலைமேல் பாயைப் போர்த்திக்கொண்டு எங்கள் வாசலில் உட்கார வேண்டியவர்கள். வக்கீல் தடுத்துவிட்டாராம். உட்கார்ந்தால் குற்றத்தை ஒப்புக்கொண்டதாகிவிடும். பிரேக் பிடிக்கவில்லை என்று சொல்லப்போகிறார்கள்.

பிரேக்.

குடும்பத்தின் தலைவர் அபினேரு மாமா சாப்பாட்டின்போது சொன்னார்: "வரட்டும். வந்தா பாயைத் தூக்கி மன்னிச்சிடுவோம். சின்ன ஊரு, பகையை வச்சுக்கிட்டு எங்க போறது?"

"வந்தா பாக்கலாம் மாமா."

"நீ பாக்கறதே சரியில்ல பொண்ணு. மீனுக்குச் செதில் எடுக்கற மாதிரி பாக்கற."

ஆனால் என்னைக் கேட்காமல் தூக்கமாட்டார். செத்தவனுக்கு நான் அக்கா. இந்த விஷயத்தில் அக்கா சொல்லுக்குத் தலைவரே அடங்கித்தான் ஆக வேண்டும்.

செப்டம்பர் 24, செவ்வாய்

ஒன்று: எத்தனையோ காலம், எத்தனையோ கைகள். மேய்ப்பன், மீனவன், அரசன். ஒருவரையொருவர் பார்த்ததில்லை. ஆனாலும் ஒரே கதை.

இரண்டு: முன்பே சொன்னவை பின்னால் நடந்தன.

பள்ளிக்கூடப் பதில்கள். கை எழுதுகிறது. நான் வேறெங்கோ.

செப்டம்பர் 29, ஞாயிறு

மூன்று பிடித்திருக்கிறது. அந்தப் புத்தகம் தன் ஆட்களையே காப்பாற்றுவதில்லை. தலைசிறந்த அரசன் அடுத்தவன் மனைவியை எடுத்துக்கொண்டு அவனைச் சாகக் கொடுத்ததை அப்படியே வைத்திருக்கிறது. மனிதர்கள் மட்டும் எழுதியிருந்தால் அந்தப் பக்கத்தைக் கிழித்திருப்பார்கள். டீக்கனாக இருந்தால் பிரேக் என்று எழுதியிருப்பார்.

ஆராதனை முடிந்து வரும்போது ரோபாத்தியின் அம்மா சியேனி என் கையைப் பிடிக்க வந்தாள். வெள்ளைத் தொப்பி, அந்தப் பெரிய உடம்பு, குரலே வரவில்லை. பாடகர் குழுவில் கூரையைத் தூக்குகிற குரல். நான் கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

நன்றாக இருந்தது.

அக்டோபர் 2, புதன்

நான்கு: சாப சங்கீதங்கள். எதிரியின் பல்லை உடை என்று கேட்கிறவனின் ஜெபத்தைக்கூட வெட்டாமல் வைத்திருக்கிறது. என் வாயில் இருப்பது எனக்கு முன்பே அங்கே இருக்கிறது. என்னை உண்டாக்கியவனுக்குத்தானே என்னை இவ்வளவு தெரியும்?

அக்டோபர் 5, சனி

ஐந்து, போதகருக்குப் பிரியமானது: வேதம் மனிதனை மாற்றுகிறது.

போன வருடம் அதே மேடையில் ரோபாத்தி சாட்சி சொன்னான். வேதம் படித்துக் குடியை விட்டேன் என்றான். எல்லோரும் அழுதார்கள். லெமிதான் முதலில் எழுந்துபோய்க் கட்டிக்கொண்டான்.

ஆகவே ஐந்தாவதற்கு வந்ததும் அவன் பெயரைச் சொல்வேன். எழுந்து நில் என்பேன். பிறகு, பிள்ளைகள் எல்லோரும் பார்க்க, அக்காவாக, சாபமிடுவேன். இந்தத் தீவில் அதற்குப் பயப்படாதவன் யார்? அவனுக்குப் பிறக்கிற பிள்ளைக்குக்கூட யாரும் பெயர் வைக்க வரமாட்டார்கள்.

கோர்ட் என்ன செய்தால் எனக்கென்ன.

அக்டோபர் 7, திங்கள்

கண்ணாடி முன் சொல்லிப் பார்த்தேன். குரல் நடுங்கவில்லை.

அக்டோபர் 11, வெள்ளி

எழுதிவிட வேண்டும்.

விடியும்போது வாசலில் பாய். கல்லறைக்குப் பக்கத்தில், ஒரே ஆள், தலை முதல் தரை வரை மூடி. அகலமான தோள். அவன் தோள்.

மாமா எழுந்தார். "உக்காருங்க மாமா," என்றேன்.

கொக்கோ காய்ச்சினேன். வாசலைப் பார்த்தபடி உட்கார்ந்து குடித்தேன். வெயில் ஏறியது. பாய் அசையவில்லை.

"போதும் லானுவோலா. தூக்கட்டுமா?"

"லெமி ரோட்டுல கெடந்தப்ப யாரு போதும்னு சொன்னா?"

"உன் கோவம் எனக்குத் தெரியுது. ஆனா வெயிலுக்குத் தெரியாது."

இரண்டாவது கோப்பை ஊற்றினேன். சந்தோஷமாக இருந்தேன். இதை மறைக்கமாட்டேன்.

உச்சி வெயிலில் பாய் பக்கவாட்டில் சாய்ந்தது. ஓர் ஓரம் விலகியது. நரைத்த முடி.

மாமா ஓடிப்போய்த் தூக்கினார். சியேனி. உதடு வெடித்து, கண் செருகி. தண்ணீர் கொடுத்தோம். கண் திறந்ததும் மாமாவைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தாள்.

"அவன் வரமாட்டேங்கறான்மா. அவங்கப்பா விடல. வக்கீல் திட்டுவாராம்." மூச்சு வாங்கினாள். "யாராவது உக்காரணும்ல?"

"நான் உங்கள ஒண்ணும் கேக்கலியே. நான் கேட்டது அவன."

"தெரியும்டி."

மாமா பாயை எடுத்துக்கொண்டார். எடுத்துக்கொண்டால் ஏற்றுக்கொண்டதாக அர்த்தம். யாரும் என்னைக் கேட்கவில்லை.

அக்டோபர் 12, சனி

ஏமாற்றப்பட்டேன். நான் வைத்திருந்த வெயில் தப்பான ஆள் மேல் விழுந்தது.

பாய்க்குள் தப்பான ஆள். செய்யாதவர், செய்தவனுக்காக. இந்தச் சிலுவைக் கதையை எத்தனை வருடம் ஞாயிறு பள்ளியில் சொல்லித் தந்திருக்கிறேன், படம் வரையச் சொல்லியிருக்கிறேன். அழகான கதை என்று நினைத்தேன். இன்று பிடிக்கவில்லை. அநியாயமாக இருக்கிறது. என்னிடம் எழுதச் சொல்லியிருந்தால் பாய்க்குள் அவனைத்தான் வைத்திருப்பேன். யாரிடம் சொல்லியிருந்தாலும் அப்படித்தான்.

யாரிடம் சொல்லியிருந்தாலும்.

பிறகு யார் எழுதியது?

வேண்டாம். எனக்கு இது வேண்டாம். ஐந்தாவது தாளில் அவன் பெயர் அப்படியே இருக்கிறது.

அக்டோபர் 13, வெள்ளை ஞாயிறு

வெள்ளை உடுப்பில் பிள்ளைகள். டீக்கன் முதல் வரிசை. சியேனி இடம் காலி, இன்னும் எழுந்திருக்கவில்லையாம். ரோபாத்தி கடைசியில், கதவோரம். நான் வருவேன் என்று தெரிந்தும் வந்திருக்கிறான்.

நான்கு காரணங்கள் சொன்னேன். ஐந்தாவது தாளைப் பிரித்தேன். அவனைப் பார்த்தேன். அவனும் தன் பெயரை எதிர்பார்த்தவன்போல், எழுந்து நிற்பதற்குத் தயாராக முன் பெஞ்சைப் பிடித்திருந்தான்.

சொன்னது இவ்வளவுதான்: "அஞ்சாவது. நான் கேட்டத இந்தப் புத்தகம் எனக்குத் தரல. நம்மள்ல யாராவது எழுதியிருந்தா தந்திருப்பாங்க."

இறங்கிவிட்டேன். போதகருக்குப் புரிந்ததா தெரியவில்லை. ஒரு வாண்டு மட்டும் "முடிஞ்சுதா?" என்று சத்தமாகக் கேட்டது.

முடியவில்லை. சாபம் இன்னும் வாயில்தான் இருக்கிறது. விழுங்கவுமில்லை, துப்பவுமில்லை.

வீட்டில் பிள்ளைகளுக்கு முதலில் பரிமாறினோம். அவர்கள் சாப்பிட்டு முடித்ததும் ஒரு தட்டில் சேப்பங்கிழங்கும் தேங்காய்ப்பாலில் வெந்த கீரையும் வைத்து, வாழையிலையால் மூடி, சியேனி வீட்டுக்குக் கொண்டுபோனேன். அவன்தான் வெளியே வந்தான். தட்டை அவன் கையில் கொடுத்துவிட்டு நடந்து வந்தேன்.