நசீர் நானாவின் பெயரில் ஒரு வரி

பெப்ரவரி 9, திங்கள்

காலையில் தூறல். ஓர்ஸ் ஹில் ஏற்றத்தில் செருப்பு அறுந்தது. ஒற்றைக் காலை இழுத்துக்கொண்டே ஒஃபிசுக்கு.

வேலை: புது ஏஐ உதவியாளரை, எங்கள் கோட் களஞ்சியத்தை ஆராயும் கருவியுடன் இணைப்பது. எந்த வரியை யார், எப்போது எழுதியது என்பது கருவிக்குத் தெரியும். இணைத்துவிட்டால் உதவியாளரிடம் ஆளிடம் கேட்பது போலக் கேட்கலாம். முதல் சோதனை, மீனவர் சங்கத்துக்குச் செய்து கொடுத்த புயல் எச்சரிக்கை மெசேஜ் மென்பொருளில். மேலதிகாரி சேர் சொல்லிவிட்டார். அந்தக் கோப்புகளைத் திறக்கவே எனக்கு மனமில்லை.

மூன்று தரம் இணைப்பு விழுந்தது. அனுமதிச் சாவியின் எழுத்துகளைக் கொண்டுவந்து ஒட்டும்போது கடைசியில் ஒரு வெற்று இடைவெளி. அதைக் கண்டுபிடிக்க அரைநாள். சனியன்.

வாங்க: செருப்பு, சீனி, அம்மாவின் பிரஷர் குளிசை.

10, செவ்வாய்

இணைந்துவிட்டது. சும்மா கேட்டுப் பார்த்தேன்: எண்களை வடிகட்டும் வரியை எழுதியது யார்?

எழுதியவர்: நசீர். வெள்ளி, பகல் 12.50.

தெரிந்த கதைதான். இரண்டு வருடத்துக்கு முன் எழுதிய வரி. பட்டியலில் ஒரே எண் இரண்டு தரம் இருந்தால் ஒன்றை நீக்க வேண்டும். ஆனால் அந்த வரி முழு எண்ணையும் பார்க்கவில்லை, கடைசி நாலு இலக்கத்தை மட்டும் பார்த்தது. சம்பூர் மீனவர் யோகராசாவுக்கும் வேறு ஒருவருக்கும் அந்த நாலும் ஒன்று. மற்றவருக்கு மட்டும் எச்சரிக்கை போனது. யோகராசா கடலுக்குப் போனார். தோணி மட்டும் கரை ஒதுங்கியது.

அப்போது எங்களோடு வேலை செய்த நசீர் நானா திரையில் தன் பெயரைப் பார்த்துவிட்டு, "என்ட பேர்தானே இரிக்கி. அப்ப நான்தான்" என்றார். அடுத்த கிழமை வேலையை விட்டார். அவர் பிழை என்று எழுதிய விசாரணை அறிக்கையில் சாட்சி, நான்.

12.50. இதை அன்றைக்கு ஒருவரும் பார்க்கவில்லை. வெள்ளிக்கிழமை அந்த நேரம் நானா பள்ளிவாசலில் அல்லவா இருப்பார்! வெள்ளம் வந்த கிழமையும் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு ஜும்மாவுக்குப் போனவர்.

நிச்சயமா என்று உதவியாளரிடம் மறுபடி கேட்டேன். "பதிவில் உள்ள பெயர் நசீர். கணினியில் இருந்தவர் யார் என்று பதிவிலிருந்து சொல்ல முடியாது."

வீட்டுக்கு வந்து முகம் கூடக் கழுவவில்லை. அலுமாரி. பழைய டயறி. அந்த வெள்ளி:

"கரண்ட் இல்லை. பற்றரி நிற்பது நானாவின் லப்டொப்பில் மட்டும். அவர் பள்ளிக்கு. அதில் எண் வேலை தொடங்கினேன். சோதனைக்கு நாலு இலக்கம். பிறகு மாற்ற வேண்டும். மத்தியானம் இறால் சொதி, உப்புக் கூடிவிட்டது."

என் கையெழுத்து. உப்பு ஞாபகம் இருந்திருக்கிறது மூதேவிக்கு. மாற்ற ஞாபகம் இல்லை.

11, புதன்

சேரிடம் டயறியைக் காட்டினேன்.

"பழைய கதை பிள்ளை. இனிக் கிளறி ஆருக்கு என்ன?"

"நசீர் நானாவுக்கு, சேர்."

அறிக்கையைத் திருத்தச் சொல்லிக் கடிதம் எழுதி அவர் மேசையில் வைத்தேன். வேலை போனால் போகட்டும். எழுதுவது லேசு. பயமாகத்தான் இருக்கிறது. அம்மாவுக்குச் சொல்லவில்லை.

குளிசை வாங்க மறந்தேன்.

12, வியாழன்

அரைநாள் லீவு. மூதூர் பஸ். கிண்ணியாப் பாலம் வரை நின்றுகொண்டு. என்ன சொல்லித் தொடங்குவது என்று யோசித்து யோசித்து, ஒன்றும் வரவில்லை.

நானா இப்போது சந்தைக்குப் பக்கத்தில் போன் திருத்துகிறார். தாடி நரைத்துவிட்டது. "வாங்க தங்கச்சி, இரிங்க." கதிரையைத் துடைத்து விட்டார். எனக்கு அங்கேயே அழுகை.

டயறியைக் கொடுத்தேன். இரண்டு தரம் வாசித்தார்.

"மாசம் ஒருக்கா சம்பூருக்குப் போறன். அவர்ட பொஞ்சாதியிட்ட மன்னிப்புக் கேட்டன். கூரைக்குத் தகரம் மாத்திக் குடுத்தன். ஒரு மனிசன்ட மவுத்து என்ட தலையில எண்டு நெனச்சித்தான் ரெண்டு வருஷமாத் தொழுறன்."

"மன்னிச்சிடுங்கோ நானா."

"என்னட்ட மட்டும் சொல்லிக் காணாது. அங்க வந்து சொல்லுங்க."

குரல் உயரவில்லை. ஏசியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். நாளைக்கு, ஜும்மா முடிய, சம்பூருக்கு.

13, வெள்ளி

வெயில். சம்பூர். நானாவின் மோட்டார் சைக்கிளுக்குப் பின்னால் நான் ஓட்டோவில்.

யோகராசாவின் மனைவி விஜயா அக்கா முற்றத்தில் உடுப்புக் காயப் போட்டுக்கொண்டிருந்தா. நானாவைக் கண்டதும் சிரித்தா. இருக்கச் சொன்னா. நான் இருக்கவில்லை, நின்றபடியே எல்லாம் சொன்னேன். லப்டொப், நாலு இலக்கம், கையெழுத்து. ஏசப்போறா என்று பார்த்தால், கேட்டது வேறு.

"அப்ப மெசேஜ் வரேல்லையோ?"

"இல்லை அக்கா."

"அண்டைக்கு விடிய, போனைப் பார், மெசேஜ் ஏதும் வந்ததோ எண்டு இவர் கேட்டவர். நான் பாத்திட்டு, ஒண்டும் இல்லை, போங்கோ எண்டனான். வடிவாப் பாக்கேல்லையோ, கை பட்டு அழிஞ்சுதோ… போனும் அவரோட போட்டுது, திரும்பப் பாக்க ஏலாது. நானா வந்து தன்ர பிழை எண்டு சொல்லேக்க, என்ர மனம் நோகாமல் இருக்கத்தான் சொல்றார் எண்டு நினைச்சனான்."

நானா நிலத்தைப் பார்த்தபடி.

"வரவே இல்லையோ, பிள்ளை?"

"வரவே இல்லை. நீங்கள் பாத்தது சரி அக்கா. பிழை என்ர."

மூன்றாம் தரமும் கேட்டா. சொன்னேன். கையில் இருந்த ஈரச் சீலையைக் கொடியில் போட்டா. அதற்குப் பிறகுதான் அழுதா.