இரண்டு சிகரெட் நேரம்

பலேர்மோ
12.10.1996

மகாராணிகள் மட்டுமே பிரிக்கத்தக்க இந்தக் கடிதத்தைப் பிரிக்கும் என் அக்காவின் மகள் ஆரணிக்கு,

உன் மாமன் உயிரோடும் வயிற்றோடும் இருக்கிறேன். நீயும் உன் புருசன் தனேசும் மகள் குஞ்சு கேசிகாவும் மல்லாவிக் கொட்டிலில் நனையாமல் இருக்க, பிள்ளையாருக்கு இங்கிருந்தே குட்டிக்கொள்கிறேன்.

இனி உலகச் செய்தி. உன் மாமன் வேட்டைக்குப் போகிறான்! பொலிதேயாமாப் பக்கம் நான் சமைத்துத் துடைக்கும் வீட்டு எசமானி சிஞ்ஞோராவுக்கு ஒரு தம்பி, சிஞ்ஞோர் கார்மெலோ. அவரிடம் பழங்கால மரவில் ஒன்று இருக்கிறது. மார்கழியில் மதோனியே மலைக்குப் பன்றி வேட்டை. அந்த மலைப் பன்றி தும்மினால் பலேர்மோவில் யன்னல் கண்ணாடி உடையும். துவக்கு பணக்காரன் சாமான், பிள்ளை. வெடித்த தோட்டா திரும்பி வராது. எய்த அம்பைப் பிடுங்கிக் கழுவி மறுபடி எய்யலாம். தங்குவதற்கு இடையன் குடிசை, சமைப்பதற்கு நான். இதைவிட மலிவாகப் பெருவேட்டை ஆடிய மன்னன் ஒருவனுமில்லை.

ஞாயிறுகளில் அந்த வில்லை இரவல் வாங்கி, பிரான்காச்சோவில் என் அறைக்குப் பின்னால் பழைய மெத்தையைச் சாய்த்து வைத்துப் பழகுகிறேன். மெத்தை ஏற்கெனவே மூன்று முறை செத்துவிட்டது.

வில்வேந்தன்,
நகுலேஸ் மாமா


மல்லாவி
24.11.1996

அன்புள்ள மாமாவுக்கு,

நாங்கள் இருக்கிறோம். கொட்டில் ஒழுகத்தான் செய்கிறது. உங்கள் பிள்ளையாருக்கு இந்த விலாசம் தெரியாது போல.

உங்கள் கடிதத்தைத் தனேஸ் உரத்து வாசித்தார். பக்கத்துக் கொட்டில் சனமும் வந்திருந்து சிரித்தது. இடம்பெயர்ந்து வந்த பிறகு அப்படியொரு சிரிப்பு நான் கேட்கவில்லை. சிரித்து முடிந்ததும் அவர் மட்டும் வில்லைப் பற்றி எழுதிய இடத்தை மறுபடி வாசித்தார்.

கேசிகா நன்றாக மெலிந்துவிட்டாள். டொக்டர், "இறைச்சி, முட்டை ஏதும் குடுங்கோ பிள்ளை" என்கிறார். எங்கே போவது? இங்கே துவக்குமில்லை, தோட்டாவுமில்லை. காட்டில் பன்றி மட்டும் இருக்கிறது. தனேஸ் கேட்கச் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "எவ்வளவு கிட்டப் போகவேணும்? எந்த இடத்திலை எய்யவேணும்? அம்பு பட்டாப்பிறகு என்ன செய்யிறது? மாமா வேட்டைக்குப் போட்டு வந்து விவரமா எழுதட்டும்."

அன்பு மருமகள்,
ஆரணி


பலேர்மோ
5.1.1997

வீரத் திருமகன் தனேசுக்கும் அவரை மேய்க்கும் ஆரணிக்கும்,

முடிந்தது! மலை அதிர்ந்தது. பன்றி என்றால் ஸ்தாசியோனே சென்ட்ராலே ஸ்டேசனில் நிற்கும் ரயில் எஞ்சினுக்கு மயிர் முளைத்த மாதிரி. ஒரே அம்பு.

மருமகனின் கேள்விகளுக்கு வருவோம். பதினைந்து எட்டு வைக்கிற தூரத்துக்குள் போகவேண்டும். காற்று அதன் பக்கமிருந்து உம் பக்கம் வீசவேண்டும். முன்னங்காலுக்குச் சற்றுப் பின்னால் எய்யவேண்டும். அம்பு பட்ட பிறகா? யோசிக்கக்கூடாது, பாயவேண்டும்! நான் வில்லை எறிந்துவிட்டு அதன் பின்னாலேயே முள்ளுப் பற்றைக்குள் பாய்ந்து, காதைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தேன். அடிபட்ட பன்றி ஆட்டுக்குட்டி, மருமகன்.

சிசிலியின் சிங்கம்,
மாமா


மல்லாவி
16.2.1997

அன்புள்ள மாமாவுக்கு,

இந்தக் கடிதத்துக்கு எனக்குச் சிரிப்பில்லாத பதில் வேண்டும்.

கமுகஞ் சிலாகையில் மூன்று வில் செய்துவிட்டார்கள். நாணுக்கு நைலோன் கயிறு. அம்பு முனையைக் கொல்லர் அடித்துக் கொடுத்தார். பங்குனி உத்தரம் கழிய, தனேசும் இன்னும் இரண்டு பேரும் காட்டுக்குப் போகிறார்கள். உங்கள் கடிதம் அவருடைய சட்டைப்பையில்தான் இருக்கிறது.

"மாமா எல்லாத்தையும் கூட்டிச் சொல்லுறவர்" என்றேன்.

"பண்டி எஞ்சின் அளவு எண்டது கூட்டிச் சொன்னதுதான். அது எனக்கும் விளங்கும். என்ன செய்யிறதெண்டு நான் கேட்ட கேள்விக்குமோ கூட்டிச் சொல்லுவார்?" என்கிறார்.

மாமா, நீங்கள் உண்மையாகவே பாய்ந்தீர்களா?

ஆரணி


பலேர்மோ
15.3.1997

ஆரணி,

நான் பன்றி எய்யவில்லை. எய்தவர் சிஞ்ஞோர் கார்மெலோ. வில்லும் அவருடையது, வேட்டைக்கான பத்திரமும் அவருடையது. என்னிடமிருக்கும் ஒரே பத்திரம் பெர்மெசோ. அது வீட்டுவேலை செய்து இந்த நாட்டில் இருக்க மட்டும். நான் சாப்பாட்டுக்குப் பாணும் வைனும் சுமந்துகொண்டு போனேன். மெத்தைக்கு எய்தது உண்மை.

அம்பு பட்டதும் பன்றி பற்றைக்குள் ஓடியது. நான் எழும்பினேன். சிஞ்ஞோர் என் சட்டையைப் பிடித்து இழுத்து இருத்தினார். ஒரு சிகரெட் பற்றவைத்தார். அது முடிய இன்னொன்று. அதுவரை ஒருவரையும் அசையவிடவில்லை. உடனே தேடிப் போனால் அது திரும்பிப் பாயுமாம். விட்டால் படுத்துத் தானே செத்துவிடுமாம். அப்படித்தான் செத்துக் கிடந்தது.

இரண்டு சிகரெட் நேரம். அதை நான் எழுதாமல் விட்டேன். குந்தியிருந்தவனை ஆர் மெச்சுவார் என்று நினைத்தேன்.

தனேசை மறித்து வை. காலில் விழுந்தாவது மறி. தந்தி அடிக்க வழியில்லை. நாளைக்குக் கொழும்பு போகிற ஒருவரிடம் இதைக் கொடுத்துவிடுகிறேன்.

நகுலேஸ்வரன்


மல்லாவி
9.5.1997

மாமாவுக்கு,

உங்கள் கடிதம் தனேசின் முப்பத்தோராம் நாள், அந்தியேட்டிக் கிரியை முடிந்து ஐயர் எழும்பிப் போன பிறகு வந்தது.

தனேஸ் சரியாகத்தான் எய்தார். பதினைந்து எட்டுத் தூரம், முன்னங்காலுக்குச் சற்றுப் பின்னால். பிறகு பாய்ந்தார். மற்ற இரண்டு பேரும், "பொறுங்கோ அண்ணை!" என்று கத்தினார்களாம். "மாமா எழுதியிருக்கிறார்" என்றாராம். பன்றி திரும்பித் தொடையைக் கிழித்துவிட்டது. ஆஸ்பத்திரிக்கு ஏழு மைல், சைக்கிள் கரியரில் இருத்திக் கட்டிக்கொண்டு வந்தார்கள். பாதி வழிவரைக்கும் தண்ணீர் கேட்டார்.

உங்கள் சிங்கக் கடிதம் சட்டைப்பையில் இரத்தத்தில் ஊறிப்போயிருந்தது. சட்டையோடு எரித்துவிட்டோம். இந்தக் கடைசிக் கடிதத்தை மற்ற இருவரும் வாங்கி வாசித்தார்கள். போன கிழமை மறுபடி போனார்கள். இங்கே சிகரெட் ஏது? இரண்டு சுருட்டுப் பற்றி முடியும்வரை குந்தியிருந்தார்களாம். பன்றி நாற்பது எட்டு வைக்கிற தூரத்தில் செத்துக் கிடந்ததாம்.

முதல் பங்கு எங்கள் கொட்டிலுக்கு வந்தது. கேசிகா சாப்பிட்டாள். இன்னும் வேண்டும் என்று கேட்டாள்.

இனி இந்த விலாசத்துக்கு எழுத வேண்டாம், மாமா. அவள் இப்போது எழுத்துக்கூட்டி வாசிக்கத் தொடங்கியிருக்கிறாள்.

ஆரணி