மார்கழியும் சித்திரையும்

செவ்வாய்க்கிழமை

இன்று அருகருகே வைத்த இரண்டு குடுவைகளிலும் வினை ஒரே நேரத்தில் முடிந்தது என்று என் வழிகாட்டிப் பேராசிரியரிடம் நான் சொல்லவில்லை. ஒன்றில் சியோலைட் என்னும் கனிமத் தூள் இருந்தது, மற்றதில் இல்லை. அந்தத் தூளின் நுண்துளைகள்தான் டீல்ஸ்-ஆல்டர் என்ற வேதிவினையை விரைவாக்குகின்றன என்கிறது எங்கள் கட்டுரை. ஆனால் அந்தக் கட்டுரைக்காகத் தூள் இல்லாத சோதனையை மார்கழியில் செய்தேன். தூள் போட்டதைச் சித்திரையில், மின்விசிறி மட்டுமே உள்ள அதே ஆய்வகத்தில். அப்படியானால் வேலை செய்தது வெயில்தானா?

"என்னம்மா, பேயறஞ்ச மாதிரி நிக்க? கட்டுரைய இன்னைக்கு ஜர்னலுக்கு அனுப்பிருதேன். எதும் மாத்தணுமா?"

"இல்ல சார்."

கட்டுரை வெளிவந்த பிறகு தவறு தெரிந்தால் என் பட்டத்தோடு அவர் பெயரும் போய்விடும். இறங்கியதும் போன் செய்து சொல்லிவிட வேண்டும் என்று தச்சநல்லூர் வரை பேருந்தில் நினைத்துக்கொண்டே வந்தேன்.

இறங்கும்போது அவரிடமிருந்து செய்தி வந்தது. கட்டுரையை அனுப்பிவிட்டார்.